ஒரு லட்ச ரூபாய்ப் பெட்டியும் பத்துக்குப் பத்து அறையும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டு ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடிந்த நேரம். ஐந்து பேர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே இருந்த இரண்டு மர ஸ்பீக்கர் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். சமையல் மேடைக்குப் போட்டதில் மிஞ்சிய கருப்பு கிரானைட் துண்டுகள் இரண்டை ஸ்டூல்கள் மேல் வைத்து, அவற்றின் மேல் பெட்டிகளை ஏற்றியிருந்தார் நண்பர். ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி உயரம். முகப்பில் அடிநாதத்துக்கு, அதாவது பேஸுக்கு, ஆறரை அங்குல ஊஃபர் ஒன்று. அதற்கு மேலே, கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு பள்ளத்துக்கு நடுவில், மேல் ஸ்தாயிக்கு ஒரு அங்குல ட்வீட்டர். அவ்வளவுதான். ஜோடியின் விலை ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும்.

முதலில் வாயைத் திறந்தவர் மைக் செட் அண்ணன். தர்மபுரியைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருக்கூத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் முப்பது வருஷமாக ரேடியோ செட் கட்டுகிறவர். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்துபோனதை இன்னும் ஒத்துக்கொள்ளாதவர். எங்களையும் தர்மபுரிக்காரர்கள் என்றுதான் சொல்லுவார்.

"ஏம்ப்பா, இதுல என்ன இருக்கு? ரெண்டு ஊஃபர், ரெண்டு ட்வீட்டர், கொஞ்சம் பலகை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வந்தா இருபதாயிரத்துல முடிச்சுக் குடுத்துடுவேன்."

ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் இன்ஜினியர் நண்பர் விடவில்லை. "அண்ணா, நீங்க பாகத்துக்கு விலை போடறீங்க. அவங்க டிசைனுக்கு விலை போட்டிருக்காங்க."

"டிசைனா? அது காதுல கேக்குமா?"

கிண்டலாகக் கேட்டதுதான். ஆனால் புது ஸ்பீக்கர் எது வந்தாலும் ஒலிப் பிரியர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் நடக்கும் சண்டையின் முடிச்சு அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

பாகங்கள் விஷயத்தில் அண்ணன் சொல்வதில் தப்பில்லை. காந்தம், அதன் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கோன். சுருளில் மின்சாரம் ஓடினால் கோன் முன்னும் பின்னும் அசையும், காற்று அசையும், சத்தம் வரும். இன்று நாம் காணும் வடிவத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும், ஆண்டு 1925. நூறு வருஷம் ஆகிவிட்டது. கோயில் திருவிழாப் பெட்டியில் இருப்பதும், கார் கதவில் இருப்பதும், லட்ச ரூபாய்ப் பெட்டியில் இருப்பதும் அதே ஏற்பாடுதான்.

மாறியது பெட்டி. கோன் முன்பக்கம் தள்ளும் காற்றைப் போலவே பின்பக்கமும் தள்ளுகிறது. முன்னே அழுத்தம் கூடும்போது பின்னே குறைகிறது. இரண்டும் சந்தித்தால் அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். வெறும் ஊஃபரைக் கையில் பிடித்துப் பாட வைத்தால் சப்பென்று கேட்பது அதனால்தான். பெட்டி என்பது முதலில் அந்தப் பின்பக்கக் காற்றை அடக்க வந்த வெறும் தடுப்பு. 1954-இல் எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர் அதைத் தலைகீழாக யோசித்தார். காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஊஃபருக்கு ஸ்பிரிங் ஆக்கினார். பீரோ அளவு பெட்டியில் மட்டும் வந்த அடிநாதம் புத்தக அலமாரியில் வைக்கிற பெட்டிக்கு வந்தது அப்படித்தான். பின்னால் 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல், அவரைத் தொடர்ந்து எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால், இருவரும் ஊஃபரின் குணத்தைச் சில எண்களாகவும், அந்த எண்களிலிருந்து பெட்டியின் கன அளவையும், போர்ட் என்கிற காற்றுக் குழாயின் நீளத்தையும் கணக்காகவும் எழுதிக்கொடுத்தார்கள். இன்று எஸ்.பி. ரோட்டில் வாங்கும் நல்ல ஊஃபரோடு ஒரு தாள் வருமே, அதில் இருக்கும் எண்கள் அவைதான். அண்ணனும் அந்தத் தாளை வைத்துத்தான் பெட்டி போடுகிறார்.

இங்கே ஒரு இரும்பு விதி உண்டு. அதற்குப் பெயரே ஹாஃப்மனின் இரும்பு விதி. கே.எல்.எச். என்ற பழைய அமெரிக்கக் கம்பெனியின் பெயரில் 'எச்' அவர்தான். சின்னப் பெட்டி வேண்டும், ஆழமான அடிநாதம் வேண்டும், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் வேண்டும். மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுத்தான் ஆகவேண்டும். காசு கொட்டினாலும் மாறாது.

அண்ணனின் கூம்பு ஸ்பீக்கர் எடுத்துக்கொண்ட பக்கம் வேறு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபலுக்கு மேல் கத்தும். ஊர்க்கோடி வரை கேட்கும். பதிலுக்கு அடிநாதம் என்பதே அதில் கிடையாது; தவில் வாசித்தால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். ஹாலில் இருந்த பெட்டி, அதே ஒரு வாட்டுக்கு 86 டெசிபல். பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு வாட் என்பது கணக்கு. இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. "என் குழாய்க்கு ஒரு வாட் போதும், உன் பெட்டிக்கு நூறு வாட் வேணும், இதுல எது ஒசத்தி?" என்று அண்ணன் கேட்டபோது சிரித்தோம். கணக்கு என்னவோ சரி. ஆனால் நண்பரின் பெட்டி 50 ஹெர்ட்ஸ் வரை, அதாவது வினாடிக்கு 50 அதிர்வு வரை இறங்குகிறது, ஸ்டூல் மேல் உட்காருகிறது. அதற்குக் கொடுத்த விலை அந்த நூறு மடங்கு.

வாட் பற்றி இன்னொன்று. தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு இருந்த செட்டுகளின் மேல் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட் எழுதியிருக்கும். பிளக்கில் சொருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இருபது வாட்டுக்கே முனகும். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. இன்றைய தாள்களில் அதே வேலையைச் செய்வது "40 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்ற வரி. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று பக்கத்தில் போடவில்லை என்றால், அது கம்பெனி சொல்லும் மைலேஜ் மாதிரி. லோடு வண்டியைத் தொப்பூர் கணவாயில் ஏற்றிப் பார்த்தவனிடம் கேட்டால் தெரியும், மைலேஜ் என்றால் என்னவென்று.

சரி, விலைக்கு வருவோம். நான் ஒருமுறை இரண்டு பெட்டிகளைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று ஏழாயிரம் ரூபாய், மற்றது அதைப்போல ஆறு மடங்கு. ஊஃபர்களில் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழாயிரத்துப் பெட்டிக்குள் ட்வீட்டருக்குப் போகும் வயரில் பட்டாணி அளவில் ஒரே ஒரு கப்பாசிட்டர் தொங்கியது. எந்த ஸ்தாயி ஊஃபருக்கு, எது ட்வீட்டருக்கு என்று பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் என்பது அங்கே அவ்வளவுதான். ஊஃபருக்கு நேராக வயர். என்ன வருகிறதோ எல்லாவற்றையும் அது பாடும், பாடக்கூடாததையும். மற்றதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு, நூல்கண்டு மாதிரி செம்புக்கம்பிச் சுருள்கள் மூன்று, கப்பாசிட்டர்கள், ரெசிஸ்டர்கள் என்று பதினாலு சாமான்கள். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ?" என்றான். எல்லாம் சேர்ந்தாலும் இரண்டாயிரம் தாண்டாது.

அந்தப் பதினாலு சாமான்களில் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில். பெட்டியின் முகப்பு எட்டு அங்குல அகலம் என்றால், சுமார் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி அலைகள் நீண்டு, பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் ஓடிவிடும். முன்னே உட்கார்ந்திருப்பவருக்கு அடிக்குரல் பாதியாகிப் பாட்டு மெலிந்து கேட்கும். அதைச் சரிசெய்ய மேல் ஸ்தாயியை இறக்க வேண்டும், இறக்கினால் மொத்தச் சத்தம் குறையும், எவ்வளவு இறக்குவது? சுவரை ஒட்டி வைப்பவர்களுக்கு ஒரு பதில், நடு ஹாலில் வைப்பவர்களுக்கு வேறு பதில். ஊஃபர் கோன் ஏதோ ஒரு உயர் ஸ்தாயியில் விறைப்பு இழந்து தன்னிஷ்டத்துக்கு நடுங்க ஆரம்பிக்கும். அதை எங்கே வெட்டுவது? இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கலையும். ஒருவர் மாதக்கணக்கில் அளந்து, கேட்டு, மாற்றி, மறுபடி அளந்து அந்தப் பதினாலு மதிப்புகளைக் கண்டுபிடித்திருக்கிறார். சமையலில் சாமான் விலை வேறு, கைப்பக்குவம் வேறு என்று நமக்குத் தெரியும். பெட்டி என்று வரும்போது மட்டும் பருப்புக்கும் புளிக்கும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம்.

இதற்காகக் கம்பெனி கேட்கிற விலை எல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. கப்பல் கூலி, சுங்கம், ஜிஎஸ்டி, இறக்குமதி செய்பவர் லாபம், கடைக்காரர் லாபம், விளம்பரம் எல்லாம் ஏறித்தான் நம் கைக்கு வருகிறது. ஸ்பீக்கர் கனமான சாமான், அட்டைப்பெட்டியில் பாதி காற்று. ஏற்றி இறக்கும் செலவே தனி. அதற்கு மேல் பளபளப்புக்கு ஒரு விலை. வெனியர் ஒட்டிய மரம், பியானோ கருப்பு, தாமிர நிற கோன். இந்த வகையில் எனக்குப் பிடித்த கதை கெவ்லார் என்ற செயற்கை இழையுடையது. பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் கம்பெனியின் மஞ்சள் நிற கெவ்லார் கோன் எழுபதுகளில் வந்து, நாற்பது வருஷம் அவர்களின் அடையாளமாகவே இருந்தது. அந்த மஞ்சளுக்காகவே வாங்கியவர்கள் உண்டு. 2015-இல் அவர்களே தங்கள் உயர்ந்த வரிசையில் அதைத் தூக்கிவிட்டு வேறு நெசவுக்குப் போனார்கள். இவ்வளவுக்கும் நடுவே பதப்படுத்திய காகிதக் கோன் இன்னும் உலகத்தின் நல்ல பெட்டிகள் பலவற்றில் இருந்துகொண்டே இருக்கிறது. கோன் எதனால் ஆனது என்பதை வைத்து விலையை நியாயப்படுத்துகிறவரிடம் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

பெட்டியைத் தட்டிப் பார்ப்பது மட்டும் எப்போதும் உதவும். சந்தையில் மண்சட்டி வாங்கும்போது 'டங்' என்றால் நல்ல சட்டி. இங்கே நேரெதிர். பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டினால் 'டொக்' என்று செத்த சத்தம் வரவேண்டும். 'டங்' என்றால் பாட்டோடு சேர்ந்து பலகையும் பாடும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விலைக் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு, பெருநகரத்துக்காரர்கள் அதை எழுதுவதில்லை. கெட்டுப்போனால் யாரிடம் கொண்டுபோவது? சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டுப் பெட்டி ஒன்றின் ட்வீட்டர் என்னிடம் கருகியது. சின்ன ஆம்ப்ளிஃபையரை முழுசாக முறுக்கிவிட்டதன் பலன், என் தப்புதான். ஆனால் விற்றவர் புது ட்வீட்டர் வரவழைத்துத் தர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் ஒற்றைப் பெட்டியில் கேட்டுக்கேட்டு எனக்கு மோனோவே பழகிவிட்டது.

ஊஃபர் என்றால் பிழைத்துக்கொள்ளலாம். அண்ணனின் பட்டறையில் ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கருகிய ஊஃபரின் கோனை பிளேடால் சுற்றி அறுத்து எடுத்தார். காந்தத்தின் இடுக்கில் ஒட்டியிருந்த இரும்புத் தூளை, ஒட்டும் டேப்பை மடித்து உள்ளே விட்டு விட்டு எடுத்தார். நாலைந்து தடவை, டேப் சுத்தமாக வரும்வரை. புதுச் சுருளை இடுக்கில் இறக்கிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மெல்லிசாகக் கத்தரித்த துண்டுகளைச் சுற்றிலும் செருகினார். சுருள் எந்தப் பக்கமும் உரசாமல் நடுவில் நிற்க அதுதான் வழி. யாருடையதோ விலா எலும்பு ஒரு துண்டில் தெரிந்தது. பசை காய்ந்ததும் ஃபிலிமை உருவிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெல்ல அழுத்திக் காதருகே வைத்துக் கேட்டார். உரசல் இல்லை. எண்ணூறு ரூபாய். ஆனால் ட்வீட்டரின் முடி மாதிரி கம்பியை அவராலும் சுற்ற முடியாது. ஆம்ப்ளிஃபையரும் வைஃபையும் உள்ளேயே வைத்து இப்போது வரும் ஆக்டிவ் பெட்டிகளின் போர்டைக் கேட்கவே வேண்டாம். ஒலியில் அவை அருமையாக இருக்கும். எங்கள் பக்கம் மின்சாரம் வந்து போகிற அழகையும் ஐப்பசி மாத இடியையும் நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது. மரமும் காகிதமும் முப்பது வருஷம் தாங்கும். போர்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

இன்ஜினியர் நண்பர் இதற்குள் போனில் ஒரு படத்தைத் திறந்து எல்லோரிடமும் சுற்றுக்கு விட்டிருந்தார். மேலிருந்து கீழே ஏழெட்டு வளைவுக்கோடுகள். ஸ்பினோராமா என்பார்கள். பெட்டியை எதிரொலி இல்லாத அறையில் வைத்து, பத்துப் பத்து டிகிரியாகக் கிடைமட்டத்தில் ஒரு முழு வட்டம், செங்குத்தாக ஒரு முழு வட்டம் என்று 70 இடங்களிலிருந்து அளந்து வரைவது. அதன் பின்னே இருப்பவர் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பல பத்தாண்டுகள் உழைத்த ஃபிளாய்ட் டூல். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்து, ஆட்களை உட்காரவைத்து மதிப்பெண் போடச் சொன்னவர். பிராண்டும் விலையும் தெரியாதபோது மக்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள் என்பது அவர் கண்டது. நேர் எதிரே எல்லா ஸ்தாயியும் ஏற்ற இறக்கம் இல்லாமல் சமமாக இருப்பதும், பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே சாயலில் மெல்ல மெல்லக் குறைவதுமான பெட்டிகளுக்குத்தான் அதிக ஓட்டு விழுந்தது. 1994-இல் ஷான் ஆலிவோடு சேர்ந்து செய்த ஆய்வு இன்னும் வேடிக்கை. அதே ஆட்கள், அதே பெட்டிகள். கண்ணால் பார்த்துக் கேட்டபோது பெரிய, அழகான பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. சின்ன, மலிவான பெட்டியுடையது இறங்கியது. கேட்டவர்கள் எல்லாம் ஒரு ஆடியோ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள்.

பக்கவாட்டு ஒலி ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 2,500 ஹெர்ட்ஸில் ஒலி அலையின் நீளம் சுமார் 14 சென்டிமீட்டர். ஆறரை அங்குல ஊஃபரின் அசையும் கோனும் கிட்டத்தட்ட அதே அகலம். அலை கோனின் அகலத்துக்குச் சுருங்கும்போது ஒலி எல்லாப் பக்கமும் பரவாமல் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகத் தொடங்கும். அதே இடத்தில் ட்வீட்டர் வேலையை எடுத்துக்கொண்டால், அது சின்னது, குண்டு பல்பு மாதிரி சுற்றிலும் பரப்பும். நேரே உட்கார்ந்தவருக்கு இரண்டும் சமமாக இணைந்து கேட்கும். பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒரு ஸ்தாயியில் சத்தம் இறங்கும், அடுத்த ஸ்தாயியில் ஏறும். ட்வீட்டரைச் சுற்றி இருக்கும் அந்தக் கிண்ணப் பள்ளம் அதற்குத்தான். ட்வீட்டரின் விரிவை ஊஃபரின் விரிவுக்குப் பொருந்துமாறு குறுக்கிக் கொடுக்கிறது. பிளாஸ்டிக் வார்ப்பு, ஐம்பது ரூபாய்ச் சாமான். அதன் வளைவுதான் விலை.

இதே சிக்கலுக்கு வேறு வழி தேடியவர்கள் பிரிட்டனின் கெஃப் கம்பெனிக்காரர்கள். 1988-இல் ட்வீட்டரை ஊஃபரின் நடுமையத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். 2012-இல் தங்கள் ஐம்பதாம் ஆண்டுக்கு எல்.எஸ்.50 என்ற சின்னப் பெட்டியை வெளியிட்டபோது அதில் இருந்தது அந்த ஏற்பாடுதான். அந்தப் பெட்டிக்கு முன்மாதிரி, எழுபதுகளில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ. வேனுக்குள் இடம் கிடையாது. பேச்சுக்குரல் பிசகாமல் கேட்கவேண்டும். ஒரு அடி உயரம்தான். அடிநாதம் அதில் பெயருக்குத்தான் உண்டு, சத்தமும் அதிகம் வராது. இரும்பு விதியில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் தெரிந்து விட்டுக்கொடுத்த பெட்டி. குரலுக்காக அதை இன்னும் தேடி வாங்குகிறார்கள்.

படத்தைப் பார்த்த அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார். "கோடு நல்லா இருக்கு. பாட்டைப் போடு."

கூத்தில் வேஷம் கட்டியவர் முதலில் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த யோசனையில் எட்டு முழ வேட்டி ஒன்றைப் பெட்டிகளுக்கு முன்னே கொடி கட்டித் தொங்கவிட்டோம். மெல்லிய துணி ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. புதுப் பெட்டிகள் ஸ்டூலிலேயே இருக்க, நண்பர் பதினெட்டாயிரத்துக்கு எப்போதோ வாங்கிய பழைய ஜோடியை மூலையோரமாக வைத்தோம். ஆம்ப்ளிஃபையரில் ஏ, பி என்று மாற்றும் சுவிட்ச் இருந்தது. போனில் அளந்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார் இன்ஜினியர். இதைச் செய்யாவிட்டால் எது சத்தமாக இருக்கிறதோ அதுதான் ஜெயிக்கும். சுவிட்சை அவர் திருப்ப, மற்ற நாலு பேரும் சீட்டில் எழுதினோம். எண்பதுகளின் பாட்டு ஒன்று, பேஸ் கிட்டார் நிறைய உள்ளது. பிறகு நாதஸ்வரம், தவில்.

மூன்று ஓட்டு பழைய பெட்டிக்கு. என்னுடையதும் சேர்த்து.

நண்பரின் முகம் விழுந்துவிட்டது. இன்ஜினியர்தான் மூலையைக் காட்டினார். அங்கே சுவர் இரண்டு, தரை ஒன்று. மூன்றும் அடிநாதத்தைத் திரட்டி முன்னே தள்ளும். பழைய பெட்டிக்கு மூலை இலவசமாக பேஸ் கொடுத்திருந்தது. ஹாலில் நடுவே வந்து கைதட்டிப் பார்த்தோம். தட்டியது நின்ற பிறகும் 'ட்ரிங்' என்று ஒரு வால் ஓடியது. தரை கிரானைட், சுவர் சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட். மூன்றும் வந்த ஒலியை ஏறக்குறைய முழுசாகத் திருப்பி அனுப்புகிறவை. கிருஷ்ணகிரியில் கிரானைட் மலிவு என்பதால் மாட்டுக்கொட்டகை தவிர எல்லா இடத்திலும் அதைத்தான் போடுகிறோம். இப்படிப்பட்ட ஹாலில் பெட்டியிலிருந்து நேராக வரும் ஒலியை விடச் சுவரில் மோதி வரும் ஒலிதான் காதுக்கு அதிகம் வந்து சேரும். ஜமுக்காளமும் ஜன்னல் திரையும் போட்டால் 'ஸ்' சத்தத்தைக் கொஞ்சம் அடக்கலாம். அடிநாதத்துக்கு அது பத்தாது. இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிறுத்திவைத்தால் ஓரளவு பிடிக்கும்.

இதைவிட மோசம் எங்கள் ஊர்ப் படுக்கையறைகள். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி. எந்த இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு இடையிலும் ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் ஊஞ்சல் மாதிரி ஏறி நிற்கும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். அறை பத்துக்குப் பன்னிரண்டு என்றால் ஒன்று 56, மற்றது 47 என்று பிரிந்துபோகும். மூன்று பக்கமும் பத்து என்றால் மூன்றும் ஒரே இடத்தில் குவியும். பேஸ் கிட்டாரின் ஒரு சுரம் மட்டும் 'பூம்' என்று அறையைத் தூக்க, அடுத்த சுரம் காணாமல் போகும். பத்து லட்ச ரூபாய்ப் பெட்டி வைத்தாலும் இதுதான். ஓராயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்கும் நாம், வீடு கட்டும்போது அறையை இரண்டடி நீட்டச் சொல்லியிருந்தால் பல லட்சத்துப் பெட்டி செய்யாததை அது செய்திருக்கும். ஆனால் வீடு கட்டும்போது யாருக்கு இது ஞாபகம் வருகிறது?

ஜோடிகளை இடம் மாற்றினோம். புதியவை மூலையோரம், பழையவை ஸ்டூலில். சத்தத்தை மறுபடி சமப்படுத்தினோம். இந்த முறை நாலு ஓட்டும் புதுப் பெட்டிக்கு. என் கையெழுத்தை நானே நம்பமுடியாமல் பார்த்தேன். ஒரு மணி நேர இடைவெளியில், அதே பாட்டுக்கு, ஹாலின் மூலை என் காதை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் திருப்பியிருந்தது.

அப்போதுதான் சீட்டுகளை வரிசையாக அடுக்கிய இன்ஜினியர் ஒன்றைக் கவனித்தார். முதல் சுற்றில் புதுப் பெட்டிக்கு விழுந்த ஒரே ஓட்டு அண்ணனுடையது. இரண்டு தடவையும் அவர் அதைத்தான் எழுதியிருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் பெட்டிகளுக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தோம். அண்ணன் மட்டும் காற்று வருகிறதென்று பக்கவாட்டில், வாசல்படியோரம், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, எதை வெச்சு எழுதினீங்க?"

"எனக்கு என்ன தெரியும். ஒண்ணுல பாடறவன் இங்க திரும்பிப் பாடற மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணுல உங்களுக்குப் பாடிட்டு, எனக்கு முதுகைக் காட்டுறான். கூத்துக்கு மூணு பக்கமும் ஜனம் உக்காரும். எதிர்ல இருக்கறவனுக்கு மட்டும் கேட்டா பத்துமா?"

காதில் கேட்குமா என்று காலையில் கேட்டவர், வாசல்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார். எதிர்ச்சுவரில் சாய்ந்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்கள் எங்கள் வீடுகளில் யார்? ஒருவர் அடுக்களையில், ஒருவர் திண்ணையில், பிள்ளைகள் மாடிப்படியில். அப்படிக் கேட்கிற வீட்டில், அதுவும் கிரானைட் தரையில், ஒரு லட்சத்தில் கணிசமான பங்கு அந்தப் பள்ளத்துக்கும் அப்படிப்பட்ட பதினாலு சாமான்களுக்கும்தான் போயிருக்கிறது என்றால் எனக்கு அது பெரிதாக உறுத்தவில்லை. மீதியில் பளபளப்புக்கும் பெயருக்கும் போனது எவ்வளவு என்று கேட்டால், அங்கே நான் அண்ணன் கட்சி. எழுபதாயிரம் என்றால் சண்டையே வந்திருக்காது.

அண்ணனிடம் விலையைப் பற்றி மறுபடி கேட்டோம். "ஜாஸ்திதான்" என்றார், யோசிக்காமல். பிறகு எழுந்துபோய் வேட்டியை ஒதுக்கிவிட்டு, பெட்டியின் முன் குத்தவைத்து உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். சட்டைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, ட்வீட்டரைச் சுற்றியிருந்த கிண்ணத்தின் அகலத்தை அளந்து, உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார். "ஆழம் எவ்வளவு இருக்கும்ப்பா இது?" என்று நண்பரைக் கேட்டார்.